யாரும் எதுவும் சொல்லாத ஊரில் 12 நாள்

நரிட்டா விமான நிலையத்திலிருந்து டோக்கியோவுக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அத்தை ஊரில் இருக்கும் தன் தங்கைக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில். "வந்து சேந்துட்டோம், இங்க எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, நீ சாப்ட்டியா" என்று ஆரம்பித்து ஜன்னல், பேரன், சூட்கேஸ், தூங்கி வழியும் மருமகள் என்று போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டி நிறைய ஆட்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அந்தப் பெட்டியில் கேட்ட ஒரே மனுஷக் குரல் எங்கள் வீட்டுக் குரல்தான். கதவுக்குப் பக்கத்தில் போன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கண்ணால் காட்டினேன். அத்தை பதறிப்போய் போனை மடியில் கவிழ்த்துவிட்டு, "ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த வாக்கியத்தை அடுத்த 12 நாளில் அவர் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், 13 வயது மகள், 7 வயது மகன், அத்தை என்று நான் கூப்பிடும் 68 வயது மாமியார். மாமியார் சுத்த சைவம், இரண்டு முட்டியிலும் வலி. பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு என்பதால் மே இரண்டாவது வாரம் கிளம்பினோம். இதில் ஒன்று தற்செயலாக நல்லதாக அமைந்தது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே வரிசையாகப் பொது விடுமுறைகள், கோல்டன் வீக் என்பார்கள், மொத்த நாடும் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அது முடிந்து, ஜூனில் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று வாரம் ரொம்ப நல்ல காலம், வெயிலும் உறைக்காது, குளிரும் கிடையாது. டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ, ஹிரோஷிமா என்று மேற்கே போய், ஒசாகா பக்கம் விமானம் ஏறினோம். போன வழியே திரும்பி வராமல் இருந்ததில் ஒரு முழு நாள் மிச்சம்.

முதலில் குக்கர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்குச் சாப்பாடு கிடைக்காதே என்ற பயத்தில் வீட்டிலிருந்த சின்ன எலக்ட்ரிக் ரைஸ் குக்கரைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுபோனோம். பிளக்குக்கு அடாப்டரும் வாங்கியாயிற்று, அங்கே தட்டையான இரண்டு பின். சொருகி, அரிசி போட்டு, சுவிட்சைத் தட்டினால் விளக்கு மங்கலாக எரிகிறது, தண்ணீர் சூடாகவே மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் வெதுவெதுப்பாக ஊறின அரிசி. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்ட் பாதிக்கும் கீழே போனால் சூடு பாதியாகாது, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்று என் மகள் எட்டாம் வகுப்பு அறிவியலை வைத்து விளக்கினாள். வீட்டில் இருந்தபோது சொல்லியிருக்கலாம். அடாப்டர் என்பது பின்னை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் 100 முதல் 240 வரை ஏற்கும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும், பிரச்சினை இல்லை. சூடு பண்ணுகிற எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஆனால் அத்தை பட்டினி கிடக்கவில்லை. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வெந்த சோறே 200 கிராம் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் ஆவி பறக்கும். சர்க்கரை போடாத தயிர் 400 கிராம் டப்பாவில் எங்கேயும் கிடைக்கிறது, புளிப்பு கம்மி, அவ்வளவுதான். இரண்டையும் பிசைந்து உப்புப் போட்டால் தயிர்சாதம். ஜப்பான் அரிசி ஒட்டும் என்பதால் இன்னும் நன்றாகவே குழைந்தது. தொட்டுக்கொள்ள உமேபோஷி. உமே காயை உப்பில் ஊறவைத்துச் செய்வது, பார்க்கச் சிவப்பாகச் சுருங்கி இருக்கும், வாயில் போட்டால் கண்ணை இறுக்கி மூடவைக்கும் புளிப்பும் உப்பும். அத்தை முதல் கடியிலேயே, "நம்ம நார்த்தங்கா மாதிரி இருக்குடி" என்று டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாங்கும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், சில உமேபோஷியில் மீன் சீவலைக் கலந்திருப்பார்கள்.

அந்த மீன் விஷயம்தான் சைவக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. "வெஜிடேரியன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் கொண்டுவருவார்கள். அந்தச் சாறு தாஷி. கட்சுவோ என்ற மீனைக் காயவைத்து, புகைபோட்டு, மரச் சீவல் மாதிரி சீவி, அதைக் கொதிநீரில் போட்டு இறுத்த தண்ணீர். மிசோ சூப், நூடுல்ஸ், வேகவைத்த கீரை, தொட்டுக்கொள்ளும் சாறு, எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. அவர்களைப் பொறுத்தவரை அது மீன் உணவே இல்லை, நாம் கடுகு தாளித்ததைப் பொரியலில் காய்கறிக் கணக்கில் சேர்க்காதது மாதிரி. ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. அதனால் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீனில் செய்த தாஷியும் வேண்டாம், கடல்பாசி, காளானில் செய்த தாஷி என்றால் சரி" என்று ஜப்பானிய மொழியில் எழுதி அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்றாம் நாள்தான் இதைச் செய்தோம். சீட்டைப் படித்துவிட்டு இரண்டு கடைகளில் "மன்னிக்கவும், எங்களிடம் எதுவும் இல்லை" என்று குனிந்து வணங்கி அனுப்பினார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. புத்த மடங்களை ஒட்டி ஷோஜின் ரியோரி என்று முழுச் சைவச் சாப்பாடு கிடைக்கிறது, விலை அதிகம், கியோட்டோவில் ஒரு மதியம் சாப்பிட்டோம். எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய எள் தோஃபுவை அத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

டோக்கியோவில் நான் அதிகம் பார்த்தது கட்டடங்களை அல்ல. காலை ஏழரை மணிக்கு ரயிலில், மஞ்சள் தொப்பி, முதுகில் பெட்டி மாதிரி விறைப்பான தோல் பை, என் மகன் உயரமே இருக்கும் ஒரு பையன் தனியாக ஏறினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கிப் போய்விட்டான். என் மகன் அவன் போவதையே வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அவங்க அம்மா எங்க?" என்றான். பிறகு அன்றைக்கு முழுக்கத் தன் டிக்கெட் அட்டையைத் தானேதான் வைத்துக்கொள்வேன் என்று அடம். சரி என்று கழுத்தில் மாட்டிவிட்டோம். அந்த அட்டை சுயிகா. பணம் போட்டு வைத்துக்கொண்டு ரயில், பஸ், கடை என்று எல்லா இடத்திலும் தட்டலாம். 6 வயதுக்குக் கீழே ரயில் இலவசம், 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம். ஆனால் குழந்தைகளுக்கான அட்டையைப் பாஸ்போர்ட் காட்டித்தான் வாங்க வேண்டும், அதற்கு வரிசையில் நிற்பதற்குச் சோம்பேறித்தனப்பட்டுப் பெரியவர்கள் அட்டையை வாங்கினால் முழுக் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு லாபம், குழந்தை அட்டையைத் தட்டினால் கேட்டில் குருவி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே என் மகன் எந்த ஸ்டேஷனுக்கும் வரத் தயாராக இருந்தான்.

உவேனோவில் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. அங்கே உள்ள மிருகக்காட்சிசாலையில் யானைகளைப் பார்க்கும்போது வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார். போர்க் காலத்தில், 1943இல், குண்டு விழுந்தால் மிருகங்கள் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று உத்தரவு போட்டு அங்கிருந்த மிருகங்களைக் கொன்றார்கள். மூன்று யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். போர் முடிந்த பிறகு டோக்கியோ பிள்ளைகள் எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுத, 1949இல் அவர் இந்திரா என்று தன் மகள் பெயரையே வைத்து ஒரு யானையை அனுப்பினார். 1983 வரை அந்த யானை அங்கே இருந்தது. கதையின் முதல் பாதியிலேயே என் மகன் அழ ஆரம்பித்துவிட்டான், அதனால் இரண்டாம் பாதியைக் கொஞ்சம் அவசரமாகச் சொல்லவேண்டியதாயிற்று.

வெளியே வந்தால் ஷினோபாசு குளம். தாமரை இலைகள் அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தன. குளத்து நடுவே ஒரு தீவு மாதிரி, அதில் எண்கோணமாக ஒரு கோயில், வாசலில் பெரிய வீணை போல ஒன்று. பீவா என்பது அவர்கள் வாத்தியம். கோயில் பென்சாய்தென் என்ற பெண் தெய்வத்துடையது. படிப்பு, பாட்டு, பேச்சு, நீர்நிலை எல்லாவற்றுக்கும் அதிபதி. நான் விளக்கமெல்லாம் தேடிக்கொண்டிருக்க, அத்தை செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரஸ்வதிதானே?" ஆமாம், சரஸ்வதியேதான். பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவள். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் அது இல்லை என்று பிறகுதான் கவனித்தோம். அதையும் யாரும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் மட்டும் அத்தையின் செருப்பை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார்.

கியோட்டோவுக்கு ஷிங்கான்சென், அதாவது புல்லட் ரயில். ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கினால் லாபம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஏறத்தாழ 14,000 யென். எங்களைப் போல ஒரு பக்கமாகவே போகிறவர்கள் தனித்தனி டிக்கெட் எடுப்பதுதான் சிக்கனம். கியோட்டோ போகும்போது வலது பக்கம், E என்று எழுதிய ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை தெரியும் என்பார்கள். எங்களுக்கு மேகம் தெரிந்தது. பெரிய சூட்கேஸ்களை ரயிலில் ஏற்றவே இல்லை, டோக்கியோ ஹோட்டல் வரவேற்பிலேயே கொடுத்து, அடுத்த நாள் கியோட்டோ ஹோட்டலில் எடுத்துக்கொண்டோம். தக்குஹைபின் என்று பெயர், ஒரு பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் வரை ஆகிறது. இந்தப் பயணத்தில் செலவு செய்த பணத்திலேயே யோசிக்காமல் மறுபடியும் கொடுப்பேன் என்று சொல்லக்கூடியது அதுதான். ஐந்து பேர் குடும்பம் என்பதால் டாக்ஸியிலும் ஒரு சிக்கல், சாதாரண டாக்ஸியில் ஓட்டுநரைத் தவிர நான்கு பேருக்குத்தான் இடம், இரண்டாகப் பிரிய வேண்டும். ஹோட்டலிலும் அப்படித்தான், ஐந்து பேருக்கு ஒரே அறை தேடி வாரக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டதற்குப் பதில் முதலிலேயே பக்கத்துப் பக்கத்து அறை இரண்டு போட்டிருக்கலாம்.

கியோட்டோவில் முதல் நாள் நாங்கள் செய்தது சுத்த முட்டாள்தனம். ஒரே நாளில் ஏழு இடம் என்று வீட்டுக்காரர் எக்ஸெல் ஷீட்டில் போட்டிருந்தார், நிமிடக் கணக்கோடு. மூன்றாவது இடத்தில் அத்தை ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அந்தக் குரல் எல்லா வீட்டுக்கும் தெரிந்த குரல்தான், அதற்கு மேல் அங்கே எதுவும் நகராது. ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு, ஆனால் பிளாட்பாரத்தின் ஏதாவது ஒரு கோடியில் இருக்கும், அதைத் தேடி நடப்பதே தனி நடை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு இடம், நடுவில் மதியம் அறைக்கு வந்து ஒரு தூக்கம் என்று மாற்றிக்கொண்டோம். மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கி மகள் பையில் போட்டோம்.

வேகம் குறைந்ததும் கண்ணில் படுவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஃபுஷிமி இனாரி கோயிலில், மலை ஏறும் பாதை முழுக்கச் சிவப்புத் தூண் வாசல்கள், தோரீ என்பது, ஏறத்தாழ 10,000 இருக்கும் என்கிறார்கள். கீழே இருக்கும் பாதையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அத்தையால் மேலே ஏற முடியாது என்பதால் கொஞ்ச தூரத்திலேயே திரும்பினோம். திரும்பும்போதுதான் தெரிந்தது, ஏறுகிறவர்களுக்குத் தெரியாத பின்பக்கத்தில், ஒவ்வொரு தூணிலும் கறுப்பு எழுத்தில் மேலிருந்து கீழாக என்னமோ எழுதியிருக்கிறது. மகள் போன் கேமராவை வைத்து மொழிபெயர்த்தாள். ஏதோ ஒரு கம்பெனி பெயர், ஊர், தேதி. அடுத்ததிலும் அப்படியே. இனாரி நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம், தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு தோரீ வைத்திருக்கிறார்கள். "உபயம்!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெயர் எழுதுகிற நமக்கு, பெயரைப் பின்பக்கம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கியோட்டோவின் சான்ஜூசான்கென்தோ என்ற புத்தக் கோயில் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சுமார் 120 மீட்டர் நீள மரக் கூடம், உள்ளே ஆளுயரத்தில் கன்னோன் சிலைகள், நடுவில் இருப்பதையும் சேர்த்து 1,001. கன்னோன் என்பது அவலோகிதேஸ்வரர்தான். இப்போதுள்ள கூடம் 1266இல் திரும்பக் கட்டியது. படம் எடுக்கக் கூடாது. முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள், அதில் பாதிப் பேர் நமக்குத் தெரிந்தவர்கள். கருடன் இருக்கிறார், ஆனால் கையில் புல்லாங்குழல் வைத்து ஊதிக்கொண்டு! என் மகனுக்கு அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "அது கிருஷ்ணர் செய்றதில்ல?" இரண்டு கோடியிலும் காற்றின் தெய்வமும் இடியின் தெய்வமும். காற்றின் தெய்வம் தோளில் ஒரு மூட்டையைச் சுமந்து நிற்கிறார், காற்றை அதில் அடைத்து வைத்திருக்கிறாராம். காலணி இல்லாமல் அந்த வழவழப்பான மரத் தரையில் ஒன்றரை மணி நேரம் நடந்தோம், அத்தையின் ஸ்டூலோடு.

நாராவுக்குக் கியோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஆயிரத்துக்கும் மேல் மான்கள் ஊருக்குள் அவிழ்த்துவிட்ட மாடுகள் போலத் திரிகின்றன. 200 யென்னுக்கு ஒரு கட்டு மான் பிஸ்கட். நாம் குனிந்து வணங்கினால் மானும் தலையைக் குனிந்து வணங்கும், பிஸ்கட்டுக்காகத்தான். வணங்கிய பிறகும் கொடுக்காமல் போட்டோவுக்கு நிற்கவைத்தால் பின்னால் வந்து கடிக்கும், என் துப்பட்டா நுனி அப்படித்தான் போயிற்று. தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் புரிந்துகொண்டு போய்விடுகின்றன. அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஆனால் எங்கள் வீட்டில் நாராவைப் பற்றிப் பேசினால் யாரும் பெரிய புத்தரைச் சொல்வதில்லை. அந்த மண்டபத்துக்கு வெளியே, வாசலுக்கு வலப்பக்கம், சிவப்புத் துணி போர்த்திய மரச் சிலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முகமெல்லாம் வெடிப்பு, முதலில் பார்த்தால் பயமாகவே இருக்கும். பின்சுரு. புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். நமக்கு எங்கே வலிக்கிறதோ அவருக்கு அந்த இடத்தைத் தொட்டுவிட்டு நம் உடம்பில் அதே இடத்தைத் தடவினால் குணமாகும் என்று நம்பிக்கை. முன்னால் நின்ற பாட்டி ஒருவர் அவர் முழங்காலைத் தொட்டுவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பின்னாலேயே நின்ற அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் முறை வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் எக்கி அதே முழங்காலைத் தொட்டார். அந்தப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார், தன் முட்டியைத் தட்டிக் காட்டினார், அத்தையும் தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அவரவர் மொழியில் முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வலி குறைந்ததா என்று கேட்டால், "அது அப்படியேதான் இருக்கு" என்றார்.

ஹிரோஷிமாவில் அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குச் சின்னவனைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முந்தைய இரவே பேசினோம். யானைக் கதைக்கே அழுதவன். வீட்டுக்காரர் அவனோடு வெளியே பூங்காவில் இருந்துவிட்டார், பிறகு அவர் போக நான் இருந்தேன். அது சரியான முடிவு. உள்ளே 8:15க்கு நின்றுபோன கடிகாரம் இருக்கிறது, மூன்று வயதுப் பையன் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது, கரிந்துபோன சோற்றோடு ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. டிபன் பாக்ஸ் முன்னால் என் மகள் நின்றுவிட்டாள். யாரையும் நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வெளியே சிறுவர் அமைதிச் சின்னம். 2 வயதில் குண்டுவீச்சில் மாட்டி, 12 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த சடாக்கோ சசாக்கியின் நினைவில் 1958இல் வைத்தது. மருந்து சுற்றி வந்த காகிதத்திலெல்லாம் கொக்கு மடித்தவள் அவள். சின்னத்தைச் சுற்றிக் கண்ணாடிக்குள் சரம் சரமாக லட்சக்கணக்கில் காகிதக் கொக்குகள். என் மகள் ரயிலில் வரும்போது ஹோட்டல் குறிப்பேட்டுத் தாளில் மடித்த 11 கொக்குகளை வைத்துவிட்டு வந்தாள். அன்று மாலை வேறெதுவும் பார்க்கவில்லை. அந்த ஊருக்கு மதியத்துக்கு மேல் எதையும் திட்டம் போடாதீர்கள்.

மறுநாள் மியாஜிமா தீவு, படகில் 10 நிமிடம். கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரீயைப் பார்க்க ஓதம் ஏறும் நேரம், வற்றும் நேரம் இரண்டையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள், தண்ணீர் வற்றினால் அடி வரைக்கும் நடந்தே போகலாம். 16 மீட்டர் உயரத் தோரீ, மண்ணில் புதைக்கவில்லை, தன் எடையிலேயே நிற்கிறது. இங்கேயும் மான்கள் உண்டு, ஆனால் இங்கே தீனி போடக் கூடாது, நாரா பழக்கத்தில் பையைத் திறந்துவிடாதீர்கள்.

அங்கே ஒரு இரவு ரியோக்கானில் தங்கினோம், அதாவது பழைய பாணி விடுதி. சைவம் என்பதை அறை போடும்போதே எழுதிவிட்டோம், அங்கே போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும். கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்ததும் அத்தை மூச்சை இழுத்தார். "பாய் வாசம்." தத்தாமி தரை, கோரைப் பாய் மாதிரியே ஒரு வகை நாணலைப் பின்னியது. ராத்திரி அதன் மேல் மெத்தை விரித்துவிட்டுப் போனார்கள். தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாதே என்று நாங்கள் கவலைப்பட, அவர்தான் எல்லோருக்கும் முன்னால் தூங்கினார். குளியல் பற்றி ஒரு வார்த்தை. பொதுத் தொட்டியில் துணி எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும், அதற்கு முன்னால் வெளியே சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் குளித்துவிட வேண்டும். அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தனிக் குளியலறையை 45 நிமிடத்துக்குப் பதிவு செய்துகொண்டோம். வெட்கப்படுகிற குடும்பங்களுக்கு அப்படி ஒரு வழியும் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்குப் போகும்போது வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். ரியோக்கானில் நடைபாதைக்கு ஒரு செருப்பு, கழிவறைக்குள் மட்டும் போட ஒரு செருப்பு, தத்தாமியில் எந்தச் செருப்பும் கூடாது. அவர் கழிவறைச் செருப்போடு சாப்பாட்டு அறை வாசல் வரைக்கும் வந்துவிட்டார். மேலே பெரிதாக எழுதியிருந்தது, ஜப்பானிய எழுத்தில். அங்கே பரிமாறும் அம்மா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போய், நடைபாதைச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துவந்து, மண்டியிட்டு, அவர் கால் விரலுக்கு நேரே இரண்டு கையாலும் வைத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டு எழுந்து போனார். இவர் காது மடல் சிவந்ததை 15 வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைகளில் பணத்தைக் கையில் நீட்டினால் சின்னத் தட்டை மெல்ல முன்னால் நகர்த்துவார்களே, அதே மாதிரிதான் இதுவும். தப்பு என்று யாரும் சொல்வதில்லை, சரி எது என்பதை நம் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அதைக் கவனிக்கிறோமா இல்லையா என்பது நம் பாடு.

அதற்குள் நாங்களும் தேறித்தான் இருந்தோம். வாயைத் திறப்பதற்கு முன்னால் சுற்றிப் பார்ப்பது, தரையில் போட்ட கோட்டைப் பார்த்து நிற்பது, குப்பைத் தொட்டியைத் தேடாமல் குப்பையைப் பையிலேயே போட்டு அறைக்குக் கொண்டுவருவது எல்லாம் பழகிவிட்டது. குப்பைத் தொட்டி அங்கே அபூர்வம், 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு நிறைய இடங்களில் எடுத்துவிட்டார்கள். எஸ்கலேட்டரில் இடது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், அவசரமாகப் போகிறவர்களுக்கு வலது பக்கம் என்பதை டோக்கியோவில் முதல் நாளே கற்றுக்கொண்டோம்.

கடைசி நாள் ஒசாகா ஸ்டேஷன். நீளமான எஸ்கலேட்டர். ஐந்து பேரும் பையும் மூட்டையுமாக, ஒருவர் பின் ஒருவராக, கச்சிதமாக இடது பக்கம் நின்றோம். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பாதி தூரம் போயிருப்போம், மகன் என் கையைச் சுரண்டினான். "அம்மா, முன்னால பாரு." முன்னால் நின்ற அத்தனை பேரும் வலது பக்கம். திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால், இடது பக்கம் ஏறிப் போக வேண்டியவர்கள் ஒரு வரிசையாக, சத்தமே இல்லாமல், பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒசாகாவில் வலது பக்கம்தானாம். தடதடவென்று ஐந்து பேரும் தாவினோம். வரிசை எங்களைத் தாண்டி ஏறிப் போனது, போகிறபோது ஒருவர் தலையைக் குனிந்து எங்களுக்கு நன்றி வேறு சொன்னார்.

அத்தை கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதையாவது ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"